ஐஸ் லூயிஸ் அண்ணையின்ர வீட்டு வாசல்

“அந்த ஐஸ்காரரைத் தூக்கிருவம் மிஸ். அவர் இல்லாட்டியும் கேம் ஓடும்தானே.”

செல்வராஜ் சேர் கொழும்பில இருந்து திரையில இதைச் சொல்லேக்க என்ர கையில தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. கோப்பையை மேசையில வைச்சன். வைச்ச சத்தம் கொழும்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

“லூயிஸ் போனா நானும் போவன் சேர்,” எண்டன்.

பக்கத்தில இருந்த அன்ரன் மேசைக்குக் கீழால என்ர காலில ஒரு உதை விட்டான். அன்ரன்தான் எங்கட கொம்பனி முதலாளி. வயசில என்னைவிடக் கனக்க இளமை, என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவான். முதலாளி உதைச்சா வாயை மூடவேணும் எண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை. நான் மூடேல்ல.

வீடியோ கேமுக்குக் கதையும் டயலொக்கும் எழுதுறதுதான் என்ர வேலை. கோயிலடியில என்னைக் கண்டா, “மெற்றில்டா, துவக்கால சுடுற விளையாட்டுக்கு என்னத்துக்கு எழுத்து?” எண்டு கேக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம். அவைக்கு நான் மறுமொழி சொல்லுறதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கு மட்டும், லூயிஸ் அண்ணையை எப்பிடிக் காப்பாத்தினனாங்கள் எண்ட இந்தக் கதையைச் சொல்லுவன். இவ்வளவு நாளும் வாயால சொன்னதை இப்ப எழுதி வைக்கிறன்.

தாராபுரத்துக் கந்தோர்

கொழும்பில ஒரு றேடியோவுக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தனான். றேடியோவில நாடகத்தை நிப்பாட்டிப் போட்டினம். மன்னாருக்குத் திரும்பி வந்தன். தாராபுரத்தில ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல அன்ரன் கேம் செய்யிற கந்தோர் ஒண்டு திறந்திருக்கிறான், எழுத ஆள் தேடுறான் எண்டு கேள்விப்பட்டுப் போனன்.

முதல் நாள் அன்ரன் ஒரு போனைக் கையில தந்து, “விளையாடுங்கோ அக்கா,” எண்டான். திரையில ஒருத்தன் வந்து என்னமோ கதைச்சான். நான் பெருவிரலால தட்டினன். இன்னொருத்தி வந்தாள். அவளையும் தட்டினன்.

“அக்கா, ஸ்கிப் பண்ணுறீங்கள்,” எண்டான் அன்ரன்.

“ஓம். அறுக்கினம்.”

“அது நான் எழுதினது.”

“அப்ப நீதான் அறுக்கிறாய்.”

அவன் கோவிக்கேல்ல, சிரிச்சான். “அப்ப நீங்கள் எழுதுங்கோ,” எண்டான். நான் வேலைக்குச் சேந்தது இப்பிடித்தான்.

அண்டைக்குப் படிச்ச பாடத்தை இண்டைக்கும் மறக்கேல்ல. றேடியோ நாடகம் பிடிக்காட்டி கேக்கிற ஆள் எழும்பிப் போய்த்தான் நிப்பாட்டவேணும். எழும்பப் பஞ்சிப்பட்டே பாதிப் பேர் கடைசி வரைக்கும் கேட்டிடுவினம். கேமில அப்பிடி இல்லை, பெருவிரலை ஒரு தட்டுத் தட்டினாக் காணும், எழுதினவரின்ர ஒரு மாத வேலை பறந்துபோம். நாங்கள் எழுதுற ஒவ்வொரு வசனமும் அந்தப் பெருவிரலோட சண்டை பிடிச்சு வெல்லவேணும். வெல்ல ஏலும். நான் வெண்டிருக்கிறன்.

சின்னிவிரல்

கேமின்ர பேரை நான் இங்க எழுத ஏலாது, ஒப்பந்தம் அப்பிடி. கதையை மட்டும் சொல்லுறன். விளையாடுறவை ஸ்ரெல்லா எண்ட பொம்பிளைப் பிள்ளையா மாறி விளையாடவேணும். தகப்பன்ர மீன்பிடி போட் ஸ்ரெல்லாவின்ர கைக்கு வருது. அந்தப் போட்டை வைச்சு ஒரு வருசம் பிழைச்சுக் காட்டவேணும். கடல், காத்து, வலை, நண்டு எல்லாம் அன்ரன்ர வேலை. உண்மையா வடிவாச் செய்திருந்தான். கரையில நிக்கிற ஆக்களின்ர வாய் என்ர வேலை.

கடலுக்கு இறங்க முதல் போட்டில ஐஸ் ஏத்தவேணும். ஐஸ் கொண்டு வாறவர் லூயிஸ் அண்ணை. பழைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒண்டை ஓட்டிக்கொண்டு வருவார். கொழும்புக் கொம்பனி தந்த திட்டத்தில அவருக்கு ஒரே ஒரு வசனம்தான்: “ஐஸ் வேணுமா?” எனக்கு அது பொறுக்கேல்ல. மன்னார்க் கரையில வாயைத் திறவாமல் ஐஸ் விக்கிற மனுசனை நான் பிறந்ததுக்குக் காணேல்ல.

அந்த நேரம் பாத்து, படம் கீறுற பிள்ளை லூயிசின்ர இடக்கையில சின்னிவிரலைக் கீற மறந்துபோச்சுது. “ஐயோ மிஸ், பிழை விட்டிட்டன், திருத்துறன்,” எண்டுது.

“தொட்டாத் தெரியும்,” எண்டன்.

எனக்கு வேண்டியது அந்த இல்லாத விரல்தான். ஸ்ரெல்லா ஐஸ் ஏத்தப் போற நேரமெல்லாம், “லூயிஸ் அண்ணை, உங்கட விரலுக்கு என்ன நடந்தது?” எண்டு கேக்கலாம் எண்டு வைச்சன். ஒவ்வொரு முறையும் அவர் ஒவ்வொரு கதை விடுவார்.

“திருக்கை முள்ளுக் குத்தினது பிள்ளை. விசம் ஏற முதல் நானே வெட்டி எறிஞ்சுபோட்டன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்ல. மனுசிதான் மயங்கி விழுந்தவ.”

“கலியாணத்தண்டு சாமியார் மோதிரத்தை மாறிச் சின்னிவிரல்ல போடச் சொல்லிப்போட்டார். பிறகு கழட்ட ஏலாமல் போச்சுது. மோதிரம் பவுண் எல்லோ. விரல் என்ன, இன்னும் ஒன்பது கிடக்கு.”

“மன்னார் பஸ் ஸ்ராண்டில நிக்கிற கழுதைக்கு வாழைப்பழம் குடுத்தனான். பழத்தைத் திண்டிட்டு விரலையும் திண்டிட்டுது. அந்தக் கழுதை இப்பவும் அங்கதான் நிக்குது. என்னைக் கண்டா வெக்கத்தில மற்றப் பக்கம் திரும்பும்.”

எந்தக் கதை முதல் வரும் எண்டது ஆளுக்கு ஆள் மாறும். கேமை வெளியில விட முதல் ஊராக்களிலயும் கொழும்பாக்களிலயும் கொஞ்சப் பேரைப் பிடிச்சு விளையாட விட்டுப் பாத்தனாங்கள். அவைக்கு நாங்கள் வைச்ச பேர் டெஸ்டர். ஐஸ் பெட்டி நிரம்பி வழிஞ்சாலும் அவை திரும்பத் திரும்ப லூயிஸ் அண்ணையிட்டப் போனவை. ஒருத்தரும் அவரை ஸ்கிப் பண்ணேல்ல. வேலை இருந்தா எவரையும் தேடிப் போகத்தானே வேணும். ஒரு அலுவலும் இல்லாமல் சும்மா முகம் பாக்கப் போற ஆள் ஒண்டு கேமுக்குள்ள இருந்தா, அந்தக் கேமில எழுத்து நல்லா இருக்கு எண்டு அர்த்தம். வேற அளவுகோல் எனக்குத் தெரியாது.

நாலாம் பாகத்தில லூயிஸ் அண்ணை செத்துப்போறார். மாரடைப்பு. வசனம் கனக்க எழுதேல்ல. விடியக் கோயிலில துக்கமணி அடிக்கும். லாண்ட்மாஸ்டர் வராது. கரையில நிக்கிற ஒருத்தர், “லூயிஸ் போயிட்டார்,” எண்டுவார். அவ்வளவுதான். அதோட அடுத்த வேலை வந்திடும்: கடலுக்குப் போய் நண்டு பிடிக்கவேணும், போட் நிக்கிற பக்கத்தை அம்புக்குறி காட்டும். அழுகிற ஆளை உடனே ஓட விடவேணும், இல்லாட்டி கேமை மூடிப்போட்டுப் போயிடுவான் எண்டது கொழும்பின்ர விதி.

சிவப்புப் பொட்டு

செல்வராஜ் சேர் எங்கட கேமை வெளியிட ஒத்துக்கொண்ட கொம்பனியின்ர பொறுப்பாளர். கெட்ட மனுசன் இல்லை. ஆனா டேட்டாவில காட்டாத ஒண்டையும் நம்பமாட்டார். அண்டைக்கு அவர் திரையில ஒரு ஹீட் மப்பைக் காட்டினார். விளையாடுறவை எந்த இடத்தில கனநேரம் நிக்கினமோ அந்த இடத்தைச் சிவப்பாக் காட்டுற படம் அது. எங்கட கேமின்ர ஊர் முழுக்கப் பச்சையாக் கிடந்தது. லூயிஸ் அண்ணையின்ர வீட்டு வாசலில மட்டும் ரத்தம் சிந்தின மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு.

“பாருங்க மிஸ். லூயிஸ் செத்த உடனே டெஸ்டர்ஸ் செய்றது இதுதான். முதல்ல உடுப்பு மெனுவைத் திறக்கிறாங்க. போரடிச்சு ஸ்ரெல்லாவுக்கு உடுப்பு மாத்தி விளையாடுறாங்க. அதுக்குப் பிறகு இந்த வீட்டு வாசல்ல போய்ச் சிக்கிக்கிறாங்க. பிறகு கேமை மூடுறாங்க. படகுக்கு யாருமே போகல்ல. மன்னார்ல எல்லாரும் இப்பிடித்தான்.”

“கொழும்பில?” எண்டு கேட்டான் அன்ரன்.

“கொழும்புல பாதிப் பேர் படகுக்குப் போறாங்க. மத்தவங்க அம்புக்குறியைக் காணல்ல போல.”

அதுக்குப் பிறகுதான், “ஐஸ்காரரைத் தூக்கிருவம்” எண்டது. லூயிஸ் இல்லாட்டி அந்தச் சாவு இல்லை, சாவு இல்லாட்டி அந்தச் சிக்கல் இல்லை. கணக்கு அவருக்குச் சரியா வந்திட்டுது. எனக்கு நெஞ்சு பத்தியெரிஞ்சுது. இல்லாத ஒரு மனுசனுக்காக இப்பிடிக் கோவிக்கிறன் எண்டு வெக்கமாவும் இருந்தது. ஆனா கோவம்தான் கூட.

“சேர், ஒரே ஒரு முறை திருத்திப் பாக்க விடுங்கோ,” எண்டன்.

அவர் யோசிச்சார். “சரி. நான் மன்னாருக்கு வாறேன். நானே விளையாடிப் பார்க்கிறேன். சரிவரல்லன்னா அங்கயே முடிவு. பிறகு நீங்க மறுக்கக்கூடாது.”

“மறுக்கமாட்டன். ஆனா வேலையில இருக்கவும் மாட்டன்.”

அன்ரன் இந்த முறை உதைக்கேல்ல. தலையில கையை வைச்சுக்கொண்டிருந்தான்.

ஓலைத்தொடுவாயில

என்னத்தைத் திருத்துறது எண்டு உண்மையா எனக்குத் தெரியாது. நடக்கிற பாதையில ஏதோ பிழை எண்டுதான் நானும் நினைச்சன். படத்தைப் பாத்துக்கொண்டிருந்தா விளங்காது எண்டு போட்டு, ஓலைத்தொடுவாயில இருக்கிற ஜெசிந்தாவிட்டப் போனன். எங்கட டெஸ்டர்களில ஒருத்தி. நண்டுக் கொம்பனியில வேலை, கேம் எண்டாச் சோறு தண்ணி வேண்டாம். லூயிசுக்கு நல்ல விசிறி.

விளையாடுற நேரம் எழுதினவர் பக்கத்தில இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. இது எங்கட தொழிலில ஒரு கட்டுப்பாடு. எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஜெசிந்தா குடுத்த கதிரையில வாயைப் பொத்திக்கொண்டிருந்தன்.

மூண்டாம் பாகத்தின்ர கடைசியில இருந்து தொடங்கினாள். லூயிஸ் மோதிரக் கதை சொன்னார், சிரிச்சாள். “பச்சைப் பொய்யன்,” எண்டாள். பிறகு விடிஞ்சுது. துக்கமணி அடிச்சுது. ஜெசிந்தாவின்ர கை நிண்டுது. சிலுவை அடையாளம் போட்டாள். நாலாம் பாகத்தை முதலும் விளையாடினவள்தான். ஆர் செத்தது எண்டு தெரியும்.

பிறகு உடுப்பு மெனுவைத் திறந்தாள். ஸ்ரெல்லா போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் கழட்டினாள். ஒவ்வொண்டாத் தள்ளித் தள்ளிப் பாத்து, அடியில கிடந்த கறுப்புச் சட்டையை எடுத்துப் போட்டாள். காதில கிடந்த பெரிய தோட்டைக் கழட்டினாள். அந்தச் சட்டை கேமில கிடக்கிறதே எனக்கு மறந்துபோச்சுது.

ஸ்ரெல்லா நடக்கத் தொடங்கினாள். அம்புக்குறி போட்டைக் காட்டிக் காட்டி மின்னுது. ஜெசிந்தா அதைத் திரும்பியும் பாக்கேல்ல. நேர லூயிஸ் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டினாள். திறக்கேல்ல. வாசலில நிண்டாள். ஒருக்கால் ஸ்ரெல்லாவைத் திருப்பி, ரோட்டால வேற ஆரும் வருகினமோ எண்டு பாத்தாள். ஒருத்தரும் வரேல்ல. இன்னும் கொஞ்ச நேரம் நிண்டாள். பிறகு கேமை மூடிப் போனைக் கவிட்டு வைச்சாள்.

கட்டுப்பாடாவது மண்ணாங்கட்டியாவது. “ஏன் ஜெசிந்தா போட்டுக்குப் போகேல்ல?” எண்டு கேட்டுப்போட்டன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். “என்னக்கா கேக்கிறீங்கள்? செத்தவீட்டை வைச்சுக்கொண்டு நண்டு பிடிக்கப் போறதோ?”

எனக்கு அவள் சொல்லி முடிக்க முதலே விளங்கீட்டுது. அந்தக் கறுப்புச் சட்டை ஏன் எண்டும் அப்பதான் விளங்கினது. ஊரில துக்கமணி அடிச்சா அடக்கம் முடியுமட்டும் ஒரு போட்டும் கடலில இறங்காது. பச்சைக் குழந்தைக்கும் தெரிஞ்ச சங்கதி. ஆனா அந்த வழக்கத்தை ஆக்கள் போனுக்குள்ளயும் கொண்டுபோவினம் எண்டு ஆர் கண்டது? ஒருத்தரும் சிக்கேல்ல. ஒருத்தருக்கும் போரடிக்கேல்ல. உடுப்பு மாத்தினது விளையாட்டு இல்லை. அவை செத்தவீட்டுக்கு வந்தவை. வந்த ஆக்களை நாங்கள்தான் வெளியில நிப்பாட்டி வைச்சிருந்தனாங்கள்.

எனக்குக் கண் கலங்கீட்டுது. சந்தோசத்தில எண்டு சொன்னா விசர் எண்டுவியள். ஆனா சந்தோசம்தான். நான் எழுதின மனுசன் செத்ததுக்கு ஒரு ஊர் கறுப்பு உடுத்திக்கொண்டு வந்து நிக்குது. என்ர எழுத்துக்கு இதுக்கு மேல ஆர் என்ன பரிசு தாறது?

“என்னக்கா அழுறீங்கள்?” எண்டாள் ஜெசிந்தா.

“லூயிஸ் செத்துப்போனார் எல்லோ,” எண்டன்.

கதவுக்கு அங்கால

“உள்ள ஒண்டும் இல்லை அக்கா,” எண்டான் அன்ரன். கேமில திறக்காத கதவுக்குப் பின்னால வீடு இருக்காது. வெறும் நீலம்தான் இருக்கும். “புதுசா ஒரு அறை கட்டவேணும். செல்வராஜ் சேர் வர முதல் முடியாது.”

“தேத்தண்ணிக் கடையின்ர கதிரையளைத் தூக்கிப் போடு. கோயில் மெழுகுதிரி இருக்கு. பெட்டி ஒண்டு மட்டும் புதுசாக் கீறு. செத்தவீட்டில வேற என்ன தளபாடம்?”

அவன் முணுமுணுத்துக்கொண்டு கட்டினான். நான் எழுதினன். முதல் ஒப்பாரி எழுதினன். வாசிச்சுப் பாத்தன், நாடக வாசம் அடிச்சுது. றேடியோப் பழக்கம் லேசில விடாது. கிழிச்சு எறிஞ்சன். உண்மையான செத்தவீட்டில கன பேர் சும்மா இருப்பினம். இடைக்கிடை ஒருத்தர் செத்தவரைப் பற்றி என்னமும் சொல்லுவார். அது அனேகமா ஒரு பகிடியா இருக்கும். அப்பிடித்தான் எழுதவேணும் எண்டு பிடிச்சுக்கொண்டன்.

ஸ்ரெல்லா உள்ள வந்து ஒரு கதிரையில இருப்பாள். கரையில வலை பின்னுற ஒருத்தர் தொடங்குவார். “என்னட்ட முதலை கடிச்சது எண்டு சொன்னவன். மன்னாரில எங்கயடா முதலை எண்டு கேட்டன். ‘அதைத்தான் நான் சாக்காட்டிப்போட்டனே’ எண்டான்.” பிறகு இன்னொருத்தர் தனக்குச் சொன்ன கதையைச் சொல்லுவார். கடைசியில ஸ்ரெல்லாவைப் பாத்து, “பிள்ளை, உமக்கு என்ன சொன்னவர்?” எண்டு கேப்பினம். விளையாடுறவர் தான் கேட்ட கதையில ஒண்டைத் தெரிவுசெய்யவேணும். எதைத் தெரிவுசெய்தாலும் லூயிசின்ர மனுசி அதுக்கெண்டு ஒரு மறுமொழி சொல்லுவா. அவ்வளவும் எழுதிக் குடுத்தன்.

கடைசியா ஒரு வேலை மிச்சம். எங்கட கேமில எந்த உரையாடலும் ஒரு பட்டனோடதான் முடியும். “போயிட்டு வாறன்” எண்டு எழுதியிருக்கும். அதைத் தட்டினாத்தான் ஸ்ரெல்லா அங்கால போவாள்.

“அந்தப் பட்டனை இதில எடுத்து விடு,” எண்டன்.

“அக்கா, விளையாடுறாக்கள் அந்தக் கதிரையிலயே இருக்கவேண்டியதுதான். கேம் நிண்டுபோச்சுது எண்டு நினைப்பினம். சேர் இதைப் பிழை, பக் எண்டுவார்.”

“பெருவிரலை அசைச்சா ஸ்ரெல்லா எழும்பி நடப்பாளோ இல்லையோ?”

“நடப்பாள்.”

“அது காணும். செத்தவீட்டில ஆரடா போயிட்டு வாறன் எண்டு சொல்லுறது? உன்ர அம்மா கேட்டா அடிப்பா.”

அன்ரன் பட்டனை எடுத்தான்.

கதிரை

செல்வராஜ் சேர் வந்த அண்டைக்கு நல்ல காத்து. பாலத்தில வாகனம் ஆடினது எண்டு சொல்லிக்கொண்டு படியேறி வந்தார். தேத்தண்ணி குடுத்தம். குடிக்காமல் போனைக் கையில எடுத்தார். ஒரு பக்கம் அன்ரன், ஒரு பக்கம் நான்.

மனுசன் கெட்டித்தனமா விளையாடினார். கரையில நிண்டவையில பாதிப் பேரை ஸ்கிப் பண்ணினார். எனக்குச் சுருக்கெண்டு குத்தினது, பொறுத்துக்கொண்டன். லூயிஸ் கழுதைக் கதை சொன்னார். சேர் ஸ்கிப் பண்ணேல்ல. வாய் ஒரு பக்கம் கோணிச் சிரிப்பு வந்தது. அடுத்த விடியல், ஐஸ் தேவையில்லாமலே திரும்ப லூயிசிட்டப் போனார். நான் அன்ரனைப் பாத்தன். அவன் என்னைப் பாக்கேல்ல. கும்பிட்டுக்கொண்டிருந்தான் எண்டு நினைக்கிறன்.

பிறகு துக்கமணி. சேர் பழக்கத்தில போட் பக்கம் போனார். போட் எல்லாம் கரையில ஏத்தி விட்டிருந்தது. அம்புக்குறி இல்லை. “இண்டைக்கு ஒருத்தரும் போகேல்ல பிள்ளை,” எண்டு ஒருத்தர் சொன்னார். சேர் கொஞ்சம் நிண்டு, ஸ்ரெல்லாவைத் திருப்பி, லூயிஸ் வீட்டுக்கு நடந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ள போய்க் கதிரையில இருந்தார்.

முதலைக் கதை ஓடினது. மற்றக் கதை ஓடினது. “பிள்ளை, உமக்கு என்ன சொன்னவர்?” எண்டு கேட்டவை. சேர் கழுதைக் கதையைத் தெரிவுசெய்தார்.

செத்தவீட்டில எல்லாரும் சிரிச்சவை. லூயிசின்ர மனுசியும் சிரிச்சா. பிறகு சொன்னா, “விடிய டவுனுக்குப் போனா முதல் பழம் அதுக்குத்தான். இனி ஆர் குடுக்கிறது?”

அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. மெழுகுதிரி எரியுது. விசிறி சுத்துது. சேர் தட்டினார். ஒண்டும் நடக்கேல்ல. திரும்பத் தட்டினார்.

“அன்ரன், இதில ‘போயிட்டு வாறன்’ பட்டன் இல்லையே. வெளிய போறது எப்பிடி? இது பக்தானே?”

நான்தான் கேட்டன், “சேர், நீங்கள் ஒரு செத்தவீட்டில இருந்து எழும்பி வரேக்க என்ன சொல்லிப்போட்டு வாறனீங்கள்?”

அவர் திரையைப் பாத்துக்கொண்டே இருந்தார். “ஒண்டும் சொல்றதில்ல,” எண்டார். குரல் சின்னனா வந்தது.

“அதுதான் சேர்.”

அவற்ற பெருவிரல் மெல்ல அசைஞ்சுது. ஸ்ரெல்லா கதிரையில இருந்து எழும்பினாள். ஒருத்தரும் அவளை நிமிந்து பாக்கேல்ல. வாசலைத் தாண்டி வெயிலுக்குள்ள வந்தாள். சேர் போனை மேசையில வைச்சார். தன்ர கதிரையில இருந்து எழும்பினார். அன்ரனைப் பாக்கேல்ல, என்னைப் பாக்கேல்ல, ஒரு சொல்லும் சொல்லேல்ல. படியால இறங்கிப் போயிட்டார். கீழ வாகனம் ஸ்ரார்ட் பண்ணுற சத்தம் கேட்டுது.

“முடிஞ்சுது அக்கா,” எண்டான் அன்ரன். “கேமும் போச்சு, கொம்பனியும் போச்சு.”

ஆனா அந்த மனுசன் எழும்பிப் போன விதத்தை நான் பாத்தனான். “பொறடா,” எண்டன். “கோவிச்சுக்கொண்டு போற ஆள் படியில அப்பிடி இறங்காது.”

அடுத்த நாள் சேரின்ர போன் கோல் வந்தது. எனக்குத்தான் எடுத்தார்.

“மிஸ், நேத்து உங்கட்ட சொல்லாம வந்துட்டேன். குறை நினைக்க வேணாம். வாயில வரல்ல.”

“சொல்லக்கூடாது சேர். நீங்கள் செய்ததுதான் சரி.”

“லூயிஸ் இருக்கட்டும்,” எண்டார். “கதவும் இருக்கட்டும். பட்டன் வேணாம்.” வைக்கப் போறார் எண்டு நினைச்சன். வைக்கேல்ல. “மிஸ், ஒண்டு கேக்கலாமா? அந்தக் கழுதைக்கு ஸ்ரெல்லா பழம் குடுக்கிற மாதிரிச் செய்யலாமா?”

“செய்யலாம் சேர். குடுத்தா என்ன பரிசு வைக்கிறது? புள்ளியோ, காசோ?”

“ஒண்டும் வேணாம். சும்மா குடுக்கட்டும்.”

போனை வைச்சுப்போட்டுக் கந்தோர் முழுக்கக் கேக்கச் சிரிச்சன். டேட்டா மனுசன் எழுத்தாளர் ஆயிட்டார்.

புதுசா வாற பிள்ளையளுக்கு

உங்களுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான். விளையாடுற ஆள் எங்க நிக்குது எண்டு டேட்டா சொல்லும். ஏன் நிக்குது எண்டு சொல்லாது. அதுக்கு எழும்பிப் போய் அவையின்ர பக்கத்தில ஒரு கதிரை போட்டு இருக்கவேணும். உங்கட பாத்திரத்தை ஆக்கள் நம்பினா, தங்கட வீட்டு வழக்கம் அவ்வளவையும் அந்தப் பாத்திரத்துக்கும் செய்வினம். அதுக்கு இடம் விட்டு எழுதுங்கோ. மிச்சத்தை அவை பாத்துக்கொள்ளுவினம்.

கேம் வெளியில வந்து இப்ப கன நாள். எங்கெங்கயோ தேசத்தில இருந்தெல்லாம் விளையாடுகினம். செத்தவீட்டில பட்டன் இல்லை எண்டு இடைக்கிடை முறைப்பாடு வரும். நாங்கள் மறுமொழி போட முதல் வேற ஆரும் விளையாடினவை கீழ எழுதிவிடுவினம்: “பட்டன் இல்லைத்தான். எழும்பிப் போங்கோ.”

போன கிழமை அன்ரன் புது ஹீட் மப்பைக் கொண்டுவந்து என்ர மேசையில விரிச்சான். லூயிஸ் வீட்டு வாசல் இப்ப பச்சை. ஆனா டவுனில, பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில, கழுதை நிக்கிற இடத்தில ஒரு பெரிய சிவப்புப் பொட்டு.

“கேம் முடிஞ்ச பிறகும் வந்து பழம் குடுத்துப்போட்டு நிக்கினம் அக்கா. ஒரு புள்ளியும் கிடைக்காது எண்டு தெரிஞ்சும் நிக்கினம். இதுக்கு என்ன செய்யிறது?”

“ஒண்டும் செய்யாதை,” எண்டன். “நிக்கட்டும்.”